பாதையின் ஹக்கும் பழைய வண்டியும்

 

பிறரைக் கண்டிக்கப் புகுமுன் நம் குற்றத்தை ஒப்புக்கொள்வதே முறை. எனவே அங்கிருந்தே தொடங்குகிறோம்.

அபிராமபுரத்தின் குறுக்குத் தெரு ஒன்றில் நாம் ஓதிக்கொடுக்கும் சிறிய மதரஸா இருக்கிறது. பிள்ளைகளை அழைத்து வரவும் கொண்டுபோய் விடவும் நல்லுள்ளம் படைத்த பெரியவர் ஒருவர் ஒரு வேன் வாங்கிக் கொடுத்திருந்தார். பல ஆண்டுகள் அது நன்றாக ஓடியது. 2023 டிசம்பர் 3, 4 ஆகிய நாட்களில் மிக்ஜாம் புயலின் பெருமழை சென்னையை மூழ்கடித்தபோது இஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்தது. மெக்கானிக் சொன்ன செலவுத் தொகை, வண்டியின் மதிப்பை விட அதிகமாக இருந்தது. நான்கு பேராகச் சேர்ந்து அதைத் தள்ளிக்கொண்டுபோய்த் தெருவோரத்தில், நடைபாதையின் மீது ஒரு பக்கச் சக்கரங்கள் ஏறியிருக்கும்படி நிறுத்தினோம். "இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம் பார்த்துக்கொள்வோம்" என்று சொல்லிக்கொண்டோம். அந்த அடுத்த வாரம் ஒன்றரை ஆண்டுக்கு மேல் வரவேயில்லை.

ஏன் வரவில்லை? நிர்வாகிகளைக் கேட்டால், "ஆர்.சி. புத்தகம் கொடுத்தவர் பெயரில்தானே இருக்கிறது?" என்றார்கள். கொடுத்தவரோ மவுத்தாகிவிட்டார். அவருடைய வாரிசுகளைக் கேட்டால், "வாப்பா அதை மதரஸாவுக்குக் கொடுத்துவிட்டாரே, எங்களுக்கு என்ன உரிமை?" என்றார்கள். உஸ்தாதுகளாகிய நாமோ, "தீனுக்காகக் கொடுக்கப்பட்ட பொருள், அதில் நாம் கைவைக்கலாகாது" என்று மிகுந்த பேணுதலோடு ஒதுங்கிக்கொண்டோம். இதற்கிடையில் டயர்களில் காற்று இறங்கியது. ஒரு கண்ணாடி உடைந்தது. உள்ளே தண்ணீர் தேங்கியது. மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளரான ஒரு பெண்மணி வந்து, உபரி டயரின் குழியில் கரண்டியை விட்டு முகந்து, நெளியும் புழுக்களை நமக்குக் காட்டினார். "இது யார் வண்டி பாய்?" என்று கேட்டார். அங்கே நின்ற ஐந்து பேரில் ஒருவர்கூட, "எங்கள் வண்டி" என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மார்கழி மாத விடியலில் அது நடந்தது. எதிர்வீட்டில் தனியே வாழும் எழுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் பால் வாங்கித் திரும்பிக்கொண்டிருந்தார். நடைபாதையை நம் வேன் அடைத்துக்கொண்டிருந்ததால், அன்றாடம் செய்வதுபோல் அன்றும் சாலைக்குள் இறங்கி, வண்டியைச் சுற்றிக்கொண்டு நடந்தார். பின்னாலிருந்து வேகமாக வந்த இரு சக்கர வாகனம் அவரை இடித்துத் தள்ளியது. இடுப்பெலும்பு முறிந்தது. ஃபஜ்ர் தொழுகையை முடித்துவிட்டு வந்த நாம்தான் அவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினோம். அக்கம்பக்கத்தார், "பாய்மார்கள் நல்லவர்கள், உடனே ஓடி வந்து உதவினார்கள்" என்று புகழ்ந்தார்கள். அந்தப் புகழைக் கேட்டுக்கொண்டு நின்றபோது நமக்கு ஏற்பட்ட வெட்கத்தை எழுத்தில் சொல்ல இயலாது. இடித்தவன் ஓட்டி வந்தவன் என்பது உண்மை. ஆனால் நடைபாதையில் நடந்துகொண்டிருந்த ஒரு மூதாட்டியைச் சாலைக்குள் இறக்கியது யார்?

இந்தக் கேள்வியை நம்மோடு நிறுத்திக்கொள்ளாமல் உங்கள் முன்னும் வைக்கிறோம். ஏனெனில் நம் தெருவில் மட்டுமன்றி, நம் சமுதாயத்தார் வாழும் ஒவ்வொரு தெருவிலும் இத்தகைய வண்டி ஒன்றாவது நிற்கிறது.

மார்க்கம் இதில் தலையிடுகிறதா?

"தொழுகை, நோன்பு, ஜகாத் பற்றிப் பேசுங்கள் ஹஜ்ரத்; பார்க்கிங் பற்றியெல்லாம் மதரஸாவில் பேச வேண்டுமா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: தெருவைப் பற்றிப் பேசாத ஃபிக்ஹு நூல் ஒன்றைக் காட்டுங்கள்.

ஈமானுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட கிளைகள் உண்டு என்றும், பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது அவற்றுள் ஒன்று என்றும் நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததை நம் மக்தபுப் பிள்ளைகள்கூட மனப்பாடமாக அறிவார்கள். பாதையில் நீட்டிக்கொண்டிருந்த முள் கிளையை அகற்றிய ஒரு மனிதரை அல்லாஹ் பொருந்திக்கொண்டு மன்னித்த செய்தியையும் அறிவார்கள். ஆனால் அந்தப் பாடத்தின் மறுபக்கத்தை நாம் நடத்துவதேயில்லை. தொல்லையை அகற்றுவது ஈமானின் கிளை என்றால், தொல்லையைக் கொண்டுவந்து வைப்பது எதனுடைய கிளை?

பாதைகளில் அமர்வதை நபி (ஸல்) அவர்கள் தவிர்க்கச் சொன்னபோது, தோழர்கள் தங்களுக்கு வேறு இடமில்லை என்று முறையிட்டார்கள். அப்படியானால் பாதைக்குரிய ஹக்கைக் கொடுத்துவிடுங்கள் என்று கூறி, பார்வையைத் தாழ்த்துவது, பிறருக்குத் தொல்லை தராமலிருப்பது, ஸலாமுக்குப் பதில் சொல்வது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது என்று அந்த ஹக்குகளை எண்ணிக் காட்டினார்கள். இடமில்லை என்ற காரணத்தை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்பதைக் கவனியுங்கள். ஆனால் அந்தக் காரணம் தொல்லை தருவதற்கான அனுமதியாக ஆகவில்லை. இன்னொரு நிகழ்ச்சி அதைவிடக் கடுமையானது. ஒரு படையெடுப்பின்போது மக்கள் கூடாரமடித்துத் தங்குமிடத்தை நெருக்கடியாக்கிப் பாதையையும் மறித்துவிட்டார்கள். அவ்வாறு செய்தவருக்கு ஜிஹாதின் நன்மையே இல்லை என்று அறிவிக்கச் செய்தார்கள் என அபூதாவூதில் பதிவாகியுள்ளது. இறைவழியில் புறப்பட்டவருக்கே இந்த நிலை என்றால், தொழச் செல்லும் அவசரத்தில் அடுத்தவர் வாசலை அடைத்து வண்டியை நிறுத்திவிட்டு ஓடுபவரின் நிலை என்ன?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1111ஆம் ஆண்டு மறைந்தவர்கள். அவர்கள் தம் இஹ்யாவில் தெருக்களில் நிகழும் தீமைகள் என்றே ஒரு பகுதியை அமைத்து, வீதியை நெருக்கடியாக்கும் வகையில் கால்நடைகளைக் கட்டிப்போடுவதை அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தார்கள். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தேவையான நேரம் அளவுக்கு மட்டும் விலக்கு உண்டு. வீதி எல்லோருக்கும் பொதுவான பயன்பாட்டுக்குரியது. தேவையின்றி அதை ஒருவர் தனக்கென ஆக்கிக்கொள்ள முடியாது என்பது அவர்கள் காட்டும் காரணம். அவர்கள் காலத்து வாகனம் ஒட்டகமும் கோவேறு கழுதையும். கயிற்றை அவிழ்த்தால் நடந்துவிடும் உயிருள்ள வாகனத்துக்கே அந்தச் சட்டம் என்றால், காற்றிறங்கிய நான்கு டயர்களோடு ஆண்டுக்கணக்கில் நிற்கும் இரும்புக்கு என்ன சட்டம் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

அவர்களுக்கு முன்னோடியான இமாம் மாவர்தி (ரஹ்), முஹ்தஸிப் எனும் பொது ஒழுங்கு அலுவலரின் கடமைகளை விளக்குகையில், வீட்டு வேலைக்கான பொருள்களைத் தெருவில் இறக்கிவைத்துப் படிப்படியாக உள்ளே எடுத்துக்கொள்வது, செல்வோருக்கு இடையூறு இல்லாதவரை செல்லும் என்றும், இடையூறானால் தடுக்கப்படும் என்றும் எழுதினார்கள். நம் கடற்கரையோர ஊர்களில் ஷாஃபிஈ மதரஸாக்களில் ஓதப்படும் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ், பொதுப் பாதையில் திண்ணை கட்டுவதையும் மரம் நடுவதையும்கூடத் தடுக்கிறது. ஹனஃபி மதரஸாக்களில் ஓதப்படும் ஹிதாயா இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. பொதுப் பாதையில் ஒருவர் தம் கட்டுமானத்தை நீட்டினால் மக்களில் யாரும் அதை அகற்றக் கோரலாம். அது விழுந்து ஒருவர் இறந்தால் வைத்தவர் தரப்பு இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்கிறது. இரண்டு மத்ஹபும் கைகோத்து நிற்கும் இடம் இது. நடைபாதையில் வண்டியைப் போட்டு வைத்த நாம், அந்த அம்மையாரின் இடுப்பெலும்பு விஷயத்தில் எங்கே நிற்கிறோம் என்று இந்நூல்களைப் பிள்ளைகளுக்கு நடத்தும் நாமே யோசிக்கவில்லை.

நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது?

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 127ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. பொது இடத்தில் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ கைவிடப்பட்டு, கவனிப்பாரின்றி நிற்கும் வண்டியை இழுவை வண்டி கொண்டு அகற்றவோ, சக்கரத்துக்குப் பூட்டுப் போடவோ சீருடை அணிந்த காவல் அலுவலர் உத்தரவிடலாம். உடைந்ததோ, எரிந்ததோ, பாதி கழற்றப்பட்டதோ போக்குவரத்துக்கு ஆபத்தாக நின்றால் உடனே அகற்றச் சொல்லலாம். இழுத்துச் செல்லும் செலவு முழுவதும் உரிமையாளரைச் சேரும். பத்து மணி நேரம் என்பதை மீண்டும் படியுங்கள். நாம் பத்து மாதங்களைச் சாதாரணமாகக் கடத்துகிறோம்.

அதே சட்டத்தின் 55ஆம் பிரிவு, அழிந்துபோன அல்லது இனி என்றுமே பயன்படுத்த முடியாத வண்டியைப் பற்றி 14 நாட்களுக்குள்ளோ இயன்ற விரைவிலோ வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டிய கடமையை உரிமையாளர் மீது சுமத்துகிறது. 2021ஆம் ஆண்டின் விதிகளின்படி, பதிவு பெற்ற வாகன அழிப்பு நிலையத்தில் வண்டியை ஒப்படைத்தால் வைப்புச் சான்று கிடைக்கும். அதைக் கொண்டு புதிதாக வாங்கும் சொந்த வாகனத்தின் வரியில் 25 விழுக்காடு வரை சலுகைக்கு மத்திய விதி இடமளிக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்துள்ள சுற்றுச்சூழல் விதிகளோ, ஆயுள் முடிந்த வண்டியை 180 நாட்களுக்குள் முறையாக ஒப்படைக்க வேண்டும் என்று உரிமையாளருக்குக் கெடு வைக்கின்றன.

"விற்றுவிட்டேன், இப்போது அது என்னுடையதன்று" என்று கைகழுவுவோரும் உண்டு. பெயர் மாற்றம் செய்யாமல் விற்ற வண்டி விபத்துக்குள்ளானால், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்கில் தீர்த்துச் சொல்லிவிட்டது.

நாம் சொல்லும் சாக்குகள்

முதலாவது சாக்கு: "என் வாசலுக்கு முன்னால் உள்ள இடம் என்னுடையது." உங்கள் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். மதில் சுவரோடு உங்கள் எல்லை முடிந்துவிடுகிறது. ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்துக்கொண்டவரின் கழுத்தில் மறுமையில் ஏழு பூமிகள் மாட்டப்படும் என்ற எச்சரிக்கையைப் பங்காளிச் சண்டைகளில் மட்டும் நினைவுகூர்கிறோம். ஒரு கார் அடைத்துக்கொள்வது எத்தனை சாண் என்று அளந்து பார்த்ததுண்டா?

இரண்டாவது: "யாருக்கும் இடைஞ்சல் இல்லை." அபிராமபுரத்தின் எண்ணிட்ட தெருக்களில் பழைய தனி வீடுகள் இருந்த இடமெல்லாம் இன்று அடுக்ககங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் கீழ்த்தளத்தில் ஒரு வண்டிக்கு இடம். இரண்டாவது கார் தெருவுக்கு வருகிறது. மூன்றாவதாக, எவரும் ஓட்டாத பழைய கார், தார்ப்பாய் போர்த்தித் தெருமுனைக்குப் போகிறது. அதன் அடியில் பெருக்க முடியாமல் துப்புரவுப் பணியாளர் கடந்து செல்கிறார். பக்கவாட்டில் வடிகால் வாய் அடைபடுகிறது. அவசர ஊர்தி திரும்ப முடியாமல் பின்வாங்குகிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஒரு பாட்டில் மூடி அளவு நன்னீர் போதும். முட்டையிலிருந்து ஒன்றரை வாரத்துக்குள் கொசுவாகிவிடும். ஈரம் வற்றினாலும் முட்டைகள் மாதக்கணக்கில் காத்திருந்து அடுத்த மழையில் பொரியும். இத்தனைக்கும் பிறகு இடைஞ்சல் இல்லை என்று சொல்வதானால், இடைஞ்சலுக்குள்ளானவர் நம் கதவைத் தட்டிச் சண்டையிடவில்லை என்பது மட்டுமே அதன் பொருள்.

மூன்றாவது: "வாப்பாவின் ஞாபகமாக வைத்திருக்கிறோம்." அம்பாசிடரும் மாருதி 800உம் 2014ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றுபோனவை. அவற்றின் மீது பாசம் இருப்பது நமக்கும் புரிகிறது. பாசம் இருந்தால் துடைத்து, ஓட்டி, உங்கள் வீட்டுக்குள் வையுங்கள். தெருநாய் குட்டி போடும் இடமாக வாப்பாவின் ஞாபகத்தை ஆக்காதீர்கள். மேலும் ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாப்பா விட்டுச் சென்ற வண்டி மீராஸில் அடங்கும் சொத்து. உம்மாவுக்கு அதில் பங்கு உண்டு, சகோதரிகளுக்கும் உண்டு. உரிமையாளர் இறந்தால் 30 நாட்களுக்குள் அலுவலகத்துக்கு அறிவித்து, வாரிசு பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்று விதி இருக்கிறது. ஓடும் நிலையில் விற்றிருந்தால் கிடைத்திருக்கும் தொகையில் சகோதரிக்குச் சேர வேண்டியதைத் தெருவில் துருப்பிடிக்க விட்டுவிட்டு, அதைப் பாசம் என்று எப்படிச் சொல்வது? சொத்தைப் பாழாக்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். இங்கே பாழாவது நம் சொத்து மட்டுமன்று, அடுத்தவர் பங்கும்தான்.

நான்காவது, நாமே ஒளிந்துகொண்ட சாக்கு: "வக்ஃபுப் பொருள், விற்கக் கூடாது." பேணுதல் போலத் தோன்றும் இந்தச் சொல் உண்மையில் சோம்பலின் தலைப்பாகை. பள்ளிவாசலின் பாய்கள் நைந்து பயனற்றுப் போனால் அவற்றை விற்கலாம் என்பதே சரியான கருத்து என்று அதே மின்ஹாஜில் இமாம் நவவி (ரஹ்) எழுதியிருக்கிறார்கள். கொடுத்தவர் நாடிய நன்மை பிள்ளைகள் ஓத வருவது. ஓடாத வண்டி அந்த நன்மையைச் சுமக்கவில்லை. அவர் பெயரில் ஊராரின் சாபத்தையே சுமந்துகொண்டிருந்தது. கப்ரில் இருப்பவருக்கு நாம் அனுப்பிக்கொண்டிருந்த ஸதகத்துல் ஜாரியா அதுதானா?

ஐந்தாவது: "எல்லோரும்தானே செய்கிறார்கள், காவல் நிலைய வாசலைப் போய்ப் பாருங்கள்." இந்தச் சாக்கில் பாதி உண்மை இருப்பதால் அதற்குத் தனியே பதில் சொல்கிறோம்.

அரசுக்கும் ஒரு சொல்

காவல் நிலையங்களின் சுற்றுச்சுவருக்கு வெளியே வழக்கில் கைப்பற்றப்பட்ட வண்டிகள் செடி முளைத்துக் கிடப்பதைச் சென்னைவாசிகள் அனைவரும் பார்த்திருக்கிறோம். அவற்றை நீண்ட காலம் நிலையங்களில் போட்டு வைப்பதில் பயனில்லை, உரிய உறுதிமொழி பெற்று விரைந்து விடுவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சொன்னது 2002 அக்டோபர் 1ஆம் நாள். இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் காட்சி பெரிதாக மாறவில்லை. மாநகராட்சியைக் கேட்டால் காவல்துறை என்கிறது. காவல்துறையைக் கேட்டால் போக்குவரத்து அலுவலகம் என்கிறது. அவ்வப்போது கண்ணாடியில் அறிவிப்பு ஒட்டி, சில வண்டிகளை இழுத்துச் சென்று, ஏலம் விடுகிறார்கள். அந்த வேகம் தணிந்ததும் தெரு மறுபடி நிரம்புகிறது. இழுத்துச் செல்லப்பட்டவை திறந்த மைதானத்தில் மழைநீர் ஏந்திக் கிடந்தால், கொசு முகவரி மாறியதைத் தவிர வேறு பயன் என்ன?

இன்னொன்றையும் நீதியோடு சொல்லியாக வேண்டும். தவணை கட்ட முடியாமல், பழுது பார்க்கக் கையில் பணமில்லாமல் ஆட்டோவையோ மீன் வண்டியையோ ஓரங்கட்டி வைத்திருக்கும் உழைப்பாளியையும், ஓட்டாத மூன்றாவது காருக்குத் தார்ப்பாய் போர்த்தியிருக்கும் வசதி படைத்தவரையும் அதிகாரிகள் ஒரே கண்கொண்டு பார்க்கலாகாது. முன்னவருக்கு அவகாசமும் உதவியும் தேவை. அகற்றும் இயக்கம் தொடங்கும்போதெல்லாம் முதலில் தூக்கப்படுவது ஏழையின் வண்டி என்பதே நாம் காண்பது. தார்ப்பாய்க்கு இருக்கும் மரியாதை தள்ளுவண்டிக்கு இல்லை.

ஆனால் சகோதரர்களே, அரசின் குறை நம் கணக்கிலிருந்து எதையும் கழித்துவிடாது. மறுமையில் நம்மிடம் கேட்கப்படுவது காவல் நிலைய வாசலைப் பற்றியன்று, நம் வாசலைப் பற்றி. அதுவும், சட்டத்துக்குப் பணிய நம்மால் முடியாது என்றால் ஒருவாறு புரிந்துகொள்ளலாம். துபாயில் பொது நிறுத்துமிடத்தில் வண்டியைத் தூசி படிய விட்டுச் சென்றால் 500 திர்ஹம் அபராதம் என்பதறிந்து, ஊருக்கு விடுப்பில் வரும்போது நண்பரிடம் சாவியைக் கொடுத்து, "வாரம் ஒரு முறை கழுவிவிடு" என்று சொல்லி வருபவர்கள் நம்மவர்கள்தாம். சிங்கப்பூரில் பத்தாண்டு உரிமச் சான்று முடிந்ததும் புதுப்பிக்கவோ வண்டியைப் பதிவிலிருந்து நீக்கவோ வரிசையில் நிற்பவர்களும் நம்மவர்கள்தாம். அதே மனிதர் மீனம்பாக்கத்தில் இறங்கியதும் மாறிவிடுகிறார் என்றால், அங்கே நாம் அஞ்சியது அபராதத்துக்கு. அல்லாஹ்வுக்கு அஞ்சியிருந்தால் அந்த அச்சம் விமானத்தில் நம்மோடு ஏறி வந்திருக்கும்.

செய்ய வேண்டியவை

பழைய இரும்புக் கடையைச் சென்னையில் காயலான் கடை என்கிறார்கள். அந்தப் பெயர் காயல்பட்டினத்து வணிகர்களால் வந்தது என்பர். புதுப்பேட்டையில் பழைய வண்டியைப் பிரித்து, ஒவ்வோர் உறுப்புக்கும் மறுவாழ்வு கொடுக்கும் கைத்திறன் உடையவர்களில் நம் சமுதாயத்தார் எத்தனையோ பேர். பயனற்றது என்று ஊர் ஒதுக்கியதைப் பயனுள்ளதாக்கத் தெரிந்த சமுதாயம், தன் வாசலில் கிடப்பதை அகற்றத் தெரியாமல் நிற்பது வியப்பிலும் வியப்பு.

வழி கடினமானதன்று. நாம் நடந்து பார்த்த வழியையே சொல்கிறோம். முதலில் பதிவுச் சான்று யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். இறந்தவர் பெயரில் இருந்தால் வாரிசுகள் அனைவரும் ஒருமுறை கூடி அமர்ந்து கையொப்பமிடுங்கள். வங்கிக் கடன் நிலுவை இருந்தால் முடித்து, தடையில்லாச் சான்று பெறுங்கள். பிறகு பதிவு பெற்ற அழிப்பு நிலையத்தில் ஒப்படைத்து, சான்றைக் கையில் வாங்கி, பதிவை ரத்து செய்யுங்கள். எடைக்குப் பணம் கிடைக்கிறதே என்று காகிதம் எதுவுமின்றி வண்டியைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் எண் பலகையும் சேஸிஸ் எண்ணும் நாளை எந்த வண்டியில் ஒட்டிக்கொண்டு எந்தக் குற்றத்தில் வந்து நிற்கும் என்று உங்களுக்குத் தெரியாது. உரிமையாளர் யாரென்று தெரியாத வண்டியானால் மாநகராட்சியின் 1913 எண்ணிலோ நம்ம சென்னை செயலியிலோ புகார் செய்யுங்கள். அடுத்தவர் வண்டியின் உறுப்பைக் கழற்றுவது மட்டும் எந்நிலையிலும் கூடாது. தெருவில் கிடந்தாலும் அது பிறர் பொருள்.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒரு கோரிக்கை. உங்கள் மஹல்லாவில் நிற்கும் ஓடாத வண்டிகளை ஒரு ஜுமுஆவுக்குப் பிறகு பத்துப் பேர் சேர்ந்து எண்ணிப் பாருங்கள். பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் சொந்தமானவற்றை முதலில் அகற்றுங்கள். பிறகு ஒவ்வொருவரையும் தனியே சந்தித்து, கண்ணியமாக, தேவைப்பட்டால் காகித வேலையில் துணை நின்று, சொல்லிப் பாருங்கள். இதற்கு நன்கொடை வசூல் தேவையில்லை, மேடையும் தேவையில்லை.

நம் வேன் 2025ஆம் ஆண்டில் அந்தத் தெருவை விட்டுப் போனது. வாரிசுகள் ஒரே நாளில் கையொப்பமிட்டார்கள். கிடைத்த தொகையில் மதரஸாவுக்குப் பாய்களும் ரெஹால்களும் வாங்கினோம். அது இருந்த இடத்தில் நடைபாதையின் கல் பெயர்ந்திருந்தது. அதையும் சரி செய்தோம். அதன் பிறகு நிர்வாகிகள் இருவரோடு எதிர்வீட்டு அம்மையாரைக் காணச் சென்றோம். அடியார்களின் ஹக்கை அந்த அடியார் மன்னிக்காமல் அல்லாஹ் மன்னிப்பதில்லை என்று ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு நடத்துகிற பாடத்தை, அன்றுதான் நாம் முதன்முறையாகக் கால் நடுங்க நடந்து காட்டினோம். "உங்களை ரோட்டில் இறக்கியது எங்கள் வண்டிதான் அம்மா, எங்களை மன்னித்துவிடுங்கள்" என்றோம்.

வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்த அவர், காலியாகக் கிடந்த நடைபாதையைச் சற்று நேரம் பார்த்தார்.

"மன்னிக்கறதுக்கு என்ன இருக்கு பாய்? நீங்க வந்து சொன்னீங்களே, அதுவே போதும். ஆனா கொஞ்சம் தள்ளி ஒரு நீலக் கார் நிக்குதே, நாலு வருஷமா. அதுக்கும் யாராவது வந்து சொல்லுவாங்களா?" என்று கேட்டார்.

அந்த நீலக் கார் யாருடையது என்று விசாரித்தோம். நம் பள்ளிவாசலில் முதல் ஸஃப்பில் தொழுகிற ஒரு சகோதரருடையது. இக்கட்டுரையை முதலில் அவருக்கே அனுப்பிவைக்கிறோம், பகையால் அன்று, அவர் மீதுள்ள அன்பால்.

பாதையின் ஹக்கை உணர்ந்து, பிறருக்குத் தொல்லையில்லா வாழ்வு வாழும் தவ்ஃபீக்கை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.